மூடியிருக்கு, மூடியாச்சு

தேங்காய்த்திட்டு ஐஸ் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளே, போன வாரம் பேரன் காதுகுத்துக்கு ஐஸ் கட்டி வாங்க வந்துவிட்டு, வாங்காமலேயே திரும்பிப் போன கிழவன் நான்தான். நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தது தப்பில்லை. முப்பது வருஷம் அதே கொட்டகையில் வேலை பார்த்தவன், புது மிஷினைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றால் யாருக்கும் சிரிப்பு வரும்.

சுவரில் கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒன்று மாட்டியிருக்கிறீர்கள். அதில் சின்னச் சின்னதாகச் சிவப்பும் பச்சையும் எரிகின்றன. ஐஸை உறைய வைக்கிற அமோனியா கேஸை ஒரே பிடியில் நிறுத்துகிற அவசர வால்வு எங்கே என்று கேட்டேன். உங்களில் உயரமாக இருந்தவர் ஒரு பச்சை விளக்கைக் காட்டினார்.

"பச்சைன்னா இன்னாப்பா அர்த்தம்?" என்றேன்.

"மூடியிருக்கு, சேஃப்புன்னு அர்த்தம் தாத்தா" என்றார் அவர்.

அதே மூச்சில் பக்கத்தில் இருந்தவர், "தொறந்து ஓடுதுன்னு அர்த்தம்" என்றார்.

ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தீர்கள். நான் திரும்பி நடந்தேன். வெளியே வந்து, மீன் ஏலக்கொட்டகையைத் தாண்டி, பாலம் வரைக்கும் நடந்த பிறகுதான் ஐஸ் வாங்கவில்லை என்பதே நினைவுக்கு வந்தது. வீட்டில் எல்லாரும் சூடான கலர் சோடா குடித்தார்கள். மாப்பிள்ளை இன்றுவரை முகம் கொடுத்துப் பேசவில்லை.

எனக்கு எழுத வராது. மூணாங்கிளாஸோடு சரி. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். நடுவில் நடுவில், "மாமா, விஷயத்துக்கு வாங்க" என்கிறாள். விஷயம் காதர். அவன் கதைக்குப் போகாமல் விஷயத்துக்கு வர முடியாது.

காதர் என்னோடு படித்தவன். படித்தவன் என்றால், மூன்று வருஷம் ஒரே பலகையில் உட்கார்ந்தோம். அவன் அப்பா, எங்கள் ஊரைப் போலவே பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோனில் கடை வைத்திருந்து, எல்லாம் போய்த் திரும்பி வந்தவர். வீட்டில் அவர் பாதிக்குப் பாதி பிரெஞ்சு கலந்துதான் திட்டுவார். அதனால் காதருக்குச் சின்ன வயதிலேயே இருபது பிரெஞ்சு வார்த்தை தெரியும், அதில் பாதி வெளியே சொல்லக்கூடாதது. நான் குருசுக்குப்பத்துப் பையன். கடற்கரையில் பிறந்தும் எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. படகில் காலை வைத்தால் குடல் வெளியே வந்துவிடும். அப்பா மூன்று தடவை கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு, நான்காம் தடவை என்னைக் கரையிலேயே விட்டுவிட்டார். காதர் எனக்கு வாந்தி என்று பேர் வைத்தான். அறுபது வருஷம் அந்தப் பேரைத்தான் கூப்பிட்டான். கல்யாணப் பந்தலில், பெண் வீட்டார் எதிரிலேயே, "டேய் வாந்தி, மாலையை நேரா போடுடா" என்று கத்தினான்.

அவனுக்கு நல்ல குரல். அதையும் சொல்லிவிட வேண்டும். அவன் தெருப் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கிறவர் ஊருக்குப் போய்விட்டால் காதர்தான் பாங்கு சொல்வான். மைக் இல்லாத காலம். சாயங்காலம் காற்று தெற்கே இருந்து வீசினால் எங்கள் குப்பத்தில் வலை பின்னிக்கொண்டு இருக்கிறவர்களுக்குக் கேட்கும். "உன் கூட்டாளி இன்னிக்கு டூட்டி போல" என்பார்கள்.

அவன் செய்யாத வேலை இல்லை. முதலில் தாய்மாமனோடு பைப் வேலை. வெள்ளைக்காரத் தெருவில் ஒரு வயதான பிரெஞ்சுக்கார மதாம் வீட்டில் குளியலறை போட்டார்கள். புதுக் குழாய் இரண்டு. ஒன்றில் C என்று எழுத்து, இன்னொன்றில் F. மாமன் இங்கிலீஷ் தெரிந்தவர். C-ன்னா கோல்ட், பச்சைத் தண்ணி என்று அந்தக் குழாயில் பச்சைத் தண்ணீரையும், மீதி இருந்த F-ல் சுடுதண்ணீரையும் கொடுத்துவிட்டார். மறுநாள் காலையில் மதாமின் வீட்டுக்காரர் காலைத் தொட்டிக்குள் வைத்துக்கொண்டு F-ஐத் திறந்திருக்கிறார். அவர்கள் பாஷையில் C என்றால் ஷோ, சுடுதண்ணீர். F என்றால் ஃப்ருவா, பச்சைத் தண்ணீர். மனிதருக்குப் பாதம் வெந்துபோனது.

காதருக்கு அந்த வார்த்தை இரண்டும் தெரியும். ஆனால் குழாயை அவன் உற்றுப் பார்க்கவில்லை. மாமன் பார்த்திருப்பார் என்று விட்டுவிட்டான். ஒரு மாதம் தினமும் அந்த வீட்டுக்குப் போய்ப் பெரியவர் காலுக்கு மருந்து போட்டுவிட்டு வந்தான். அதிலிருந்துதான் அவனுக்கு அந்தப் பழக்கம் வந்தது. எந்தப் பைப்பாக இருந்தாலும் முதலில் புறங்கையை வைத்துப் பார்ப்பான். சூடா, குளிரா, உள்ளே ஓட்டம் இருக்கிறதா என்று கையே சொல்லும்.

"இந்த ஊர்ல எழுத்த நம்பாதடா வாந்தி. ஒவ்வொரு எழுத்தும் ரெண்டு வூட்டுக்கு மருமவன். கைய வெச்சிப் பாரு."

இந்தக் கதையை அவன் இருபது தடவை சொல்லியிருப்பான். வெள்ளைக்காரர் ஒற்றைக் காலில் குதித்ததை நடித்துக் காட்டுவான். நான் இருபது தடவையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கதை வேறு யாருக்கோ நடந்தது என்றுதான் என் நினைப்பு.

பிறகு அவன் பிரெஞ்சுக்காரர் கட்டின துணி மில்லுக்குப் போனான். பாய்லர் பக்கம் வேலை. மில் மூடியதும் குடை ரிப்பேர் செய்தான். அப்புறம் விசைப்படகில் இன்ஜின் பார்த்தான். கடைசியாக ஐஸ் கம்பெனிக்கு வந்தான். வந்த ஆறாம் மாதம் என்னையும் இழுத்துவிட்டான். அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அதுவரை வயல்வேலை, மூட்டை வேலை என்று திரிந்துகொண்டு இருந்தேன். ஐஸ் கம்பெனிதான் எனக்கு முதன்முதலாகக் கூரைக்கு அடியில் கிடைத்த வேலை.

அந்த மிஷின் யாரோ பிரெஞ்சுக்காரர் கம்பெனி மூடும்போது வாங்கியது. கிழட்டு மிஷின். அதன் அவசர வால்வு வாசல் பக்கத்துச் சுவரில் இருந்தது. முழ நீளத்தில் ஒரு பிடி. அதன் பின்னால் அரைவட்டமாக ஒரு இரும்புத் தகடு. தகட்டின் ஒரு கோடியில் O, இன்னொரு கோடியில் F. தினமும் தொடுகிற வால்வு இல்லை அது. நான் சேர்ந்து நாலு மாதத்தில் யாரும் அதைத் தொட்டு நான் பார்க்கவில்லை. பிடி எந்தப் பக்கம் நிற்கிறது என்று கவனித்ததும் இல்லை.

எனக்கு இங்கிலீஷ் எழுத்து ஏழெட்டுத்தான் தெரியும். லாரியில் மூட்டை ஏற்றிப் போகும்போது டிரைவர் சொல்லிக் கொடுத்தது. டீசல் முள் F-க்கு வந்தால் ஃபுல். அப்போ தகட்டில் F இருக்கிற பக்கம் ஃபுல்லாகத் திறப்பது, எதிர்ப்பக்கம் O என்பது ஆஃப். நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் மூணாங்கிளாஸ் என்று சிரிப்பார்களே என்று வெட்கம். அந்த வெட்கம்தான் பிள்ளைகளே, அமோனியாவைவிட மோசம்.

அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும். படகுகள் நிறைய வந்திருந்தன. வெளியே மீன்காரம்மாக்கள் கூடையோடு ஐஸுக்கு நின்றுகொண்டு, ஒருத்தியை ஒருத்தி ஏசிக்கொண்டு இருந்தார்கள். ஃபோர்மேன் ஏதோ சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தார். உள்ளே ஐஸ் உறைகிற டாங்க் அறையில் சிங்காரம் என்று எங்களைவிட மூத்தவர், ஐஸ் கட்டியைக் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு இருந்தார். படார் என்று ஒரு சத்தம். சைக்கிள் டயர் வெடித்த மாதிரிதான் இருந்தது. அப்புறம் உஸ்ஸென்று நிற்காத இரைச்சல்.

அந்த வாடையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். லேசாகக் கசிந்தாலே கண்ணைக் கரிக்கும். அன்றைக்கு வந்தது வாடை இல்லை, அடி. மூக்கில் யாரோ குத்தின மாதிரி இருந்தது.

"காத்துக்கு எதுத்தாப்ல ஓடுங்க! ஆத்துப் பக்கம் போவாதீங்க, ரோட்டுப் பக்கம்!" என்று காதர் வெளியே இருந்த பொம்பளைகளை விரட்டினான். ஒருத்தி, "என் கூடைடா!" என்றாள். "கூடை வரும், நீ போ ஆயா" என்று அவளைத் தோளைப் பிடித்துத் தள்ளினான். திரும்பி என்னிடம், "வாந்தி, ஓடு, வாசல் வால்வ மூடு!" என்றான்.

ஓடினேன். துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு, ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். பிடி O-வில் இருந்தது.

O என்றால் ஆஃப். அப்போ யாரோ ஏற்கனவே மூடிவிட்டார்கள். எனக்குள் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. பிடியைத் தொடவே இல்லை. பைப்பில் கை வைக்கவில்லை. திரும்பி ஓடி வந்தேன்.

காதர் ஆட்களை எண்ணிக்கொண்டு இருந்தான். "சிங்காரண்ணன் எங்க?" என்றான். எல்லாரும் டாங்க் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். தண்ணீர்த் தொட்டியில் துண்டை முக்கி முகத்தில் கட்டினான். என்னைப் பார்த்தான்.

"மூடிட்டியா?"

"மூடியாச்சு."

அந்த வார்த்தையைத்தான் இத்தனை வருஷமாக நான் மென்றுகொண்டு இருக்கிறேன். நான் பார்த்தது மூடியிருக்கிறது என்று. சொன்னது மூடியாச்சு என்று. "மூடியிருக்கு" என்று சொல்லியிருந்தால் அவன் ஒரு நொடி நின்றிருப்பான். "யாரு மூடுனது? எல்லாரும் இங்கதான நிக்கிறீங்க?" என்று கேட்டிருப்பான். அப்படிக் கேட்கிற ஆள் அவன். "மூடியாச்சு" என்றால் கேள்வி இல்லை. நான் என் கையால் மூடிவிட்டேன் என்று அர்த்தம். அந்த வார்த்தையை நம்பித்தான் அவன் உள்ளே போனான்.

நான் வாசலில் நின்றேன். இரைச்சல் குறையும், குறையும் என்று பார்த்தேன். குறையவில்லை. பைப்பில் மிச்சம் இருப்பது வருகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு நானே எத்தனை சமாதானம் சொல்லிக்கொண்டேன் தெரியுமா? எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. உள்ளே இருந்து இருமல் கேட்டது. அப்புறம் இருமலும் கேட்கவில்லை.

காதர் வெளியே வந்தபோது தவழ்ந்து வந்தான். ஒரு கையால் சிங்காரத்தின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். சிங்காரத்தை மற்றவர்கள் வாங்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். காதர் ஓடவில்லை. சுவரைப் பிடித்து எழுந்து, வாசல் பைப்பில் புறங்கையை வைத்தான். ஒரு நொடிதான். என்னைத் திரும்பிப் பார்த்தான். கண் இரண்டும் மிளகாய்ப் பழம் மாதிரி இருந்தது. வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை.

வால்வுப் பிடியைப் பற்றி F பக்கம் இழுத்தான்.

நான் அவன் மேல் பாய்ந்தேன். "டேய் காதர், அது ஃபுல்லுடா! ஃபுல்லா தொறக்காதடா! எல்லாரும் செத்துருவோம்!"

அவன் இழுக்கிறான், நான் தள்ளுகிறேன். முப்பத்தைந்து வயது ஆண்பிள்ளைகள் இரண்டு பேர், ஒரு இரும்புப் பிடிக்காகப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் மாதிரி கட்டிப் புரண்டோம். அவன் ஏதோ சொன்னான். "ஃபெர்... ஃபெர்..." என்று காற்றுத்தான் வந்தது. எனக்குப் புரியவில்லை. அவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்தேன். கடைசியில் தலையால் என் மூக்கில் ஒரு முட்டு முட்டினான். நான் விழுந்தேன். அவன் முழு உடம்பையும் பிடியில் தொங்கவிட்டான்.

இரைச்சல் நின்றது.

அந்த அமைதியில் தரையில் உட்கார்ந்துகொண்டு, மூக்கில் ரத்தம் ஒழுக, அந்தத் தகட்டைப் பார்த்தேன். பிடி F-ல் இருந்தது. பின்னால்தான் தெரிந்துகொண்டேன், பிரெஞ்சில் O என்றால் உவேர், திறந்திருக்கிறது. F என்றால் ஃபெர்மே, மூடியிருக்கிறது. மிஷின் பிரெஞ்சுக்காரன் மிஷின். இரண்டு வீட்டு மருமகன்.

சிங்காரம் ஒரு வாரத்தில் எழுந்து உட்கார்ந்தார். காதர் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தான். முதலாளி வந்து என்ன நடந்தது, வால்வை மூட ஏன் அவ்வளவு நேரம் என்று கேட்டார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். காதர் கையைத் தூக்கினான். கிழிந்த துணி மாதிரி ஒரு குரலில், "வால்வு இறுகிக் கெடந்துச்சி. ரெண்டு பேருமா சேந்து இழுத்தோம்" என்றான். முதலாளி என் மூக்கில் இருந்த கட்டைப் பார்த்தார். என் முதுகில் தட்டிக் கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டேன்.

அந்தக் கிழிந்த குரல்தான் அவனுக்குக் கடைசிவரைக்கும் நின்றது. பாங்கு சொல்வது அதோடு போயிற்று. குப்பத்தில் ஒருநாள் சாயங்காலம் யாரோ, "உன் கூட்டாளி குரலே கேக்கறதில்லையே" என்றார்கள். நான் எழுந்து கடல் பக்கம் போய்விட்டேன்.

ஆஸ்பத்திரியில் இருந்து வந்த மறுவாரம் அவன் கம்பெனிக்கு ஒரு தடவை வந்தான். கையில் சிவப்பு பெயின்ட் டப்பா. அந்தத் தகட்டில் O-வின் மேல் தமிழில் "தொற" என்றும், F-ன் மேல் "மூடு" என்றும் எழுதினான். ஃபோர்மேன், "திற-ன்னு எழுதுய்யா, தப்பும் தவறுமா" என்றார். "இத படிக்க வேண்டிய ஆளு இப்படித்தான் பேசுவான்" என்றான் காதர். என்னைப் பார்க்கவே இல்லை. டப்பாவை மூடிக்கொண்டு போனான். அதன் பிறகு அவன் நெஞ்சுக்கு அமோனியா ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்புறம் ஆட்டோ ஓட்டினான். அந்தக் கிழிந்த குரலில் அவன், ஏறுகிறவர்களிடம் எங்கே போகணும் என்று கேட்டால், சண்டைக்கு வருகிறான் என்று இறங்கிவிடுவார்கள். டூரிஸ்ட்டுகளுக்கு சைக்கிள் வாடகைக்கு விட்டான். பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிற கிழவிகளுக்கு ஃபாரம் நிரப்பிக் கொடுத்தான். கடைசிப் பத்து வருஷம் வெள்ளைக்காரத் தெருவில் ஒரு பெரிய வீட்டுக்குக் காவல். ஒவ்வொரு வேலை மாறும்போதும், அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் இவன் இன்னும் ஐஸ் கம்பெனியிலேயே இருந்திருப்பானே என்று நான் உள்ளுக்குள் எண்ணுவேன். வாராவாரம் போய்ப் பார்ப்பேன். டீ குடிப்போம். எல்லாம் பேசுவோம், அதை மட்டும் பேச மாட்டோம். அவன் இருமும்போதெல்லாம் டம்ளரைக் கீழே வைத்துவிடுவேன்.

போன மழைக்காலத்துக்கு முன்னால் அவன் படுத்துவிட்டான். இனி தாங்காது என்று எனக்குத் தெரிந்தது. போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"காதரு, அன்னிக்கு நான் வால்வ தொடவே இல்லடா. மூடியாச்சுன்னு சும்மா சொல்லிட்டேன்."

அவன் கண்ணை மூடிக்கொண்டே சிரித்தான். "தெரியுமே."

"O-ன்னா ஆஃபுன்னு நெனச்சேன்."

"அதுவும் தெரியும். வாழ்க்கையில ஒரே ஒரு எழுத்து படிச்ச. அதுல என் தொண்டை போச்சி." இருமினான். "என் மேலயும் தப்பு கீதுடா. மில்லுலயும் இதே எழுத்துதான். எனக்குத் தெரிஞ்சது உனக்கும் தெரியும்னு இருந்துட்டேன். மாமன் பாத்திருப்பாருன்னு இருந்தேன் பாரு, அதே மாதிரி."

"மொதலாளிகிட்ட ஏன்டா மறைச்ச?"

"சொல்லியிருந்தா உன்ன அனுப்பியிருப்பாரு. நீ எங்க போவ? கடலுக்கா?" என்றான். "தூ, படகு நாறிப்போவும்."

என் கையை எடுத்துப் புறங்கையைத் திருப்பித் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டான். உள்ளே உஸ்ஸென்று இரைந்துகொண்டு இருந்தது. நாலு நாளில் போய்விட்டான்.

அன்றைக்கு முதலாளி என் முதுகில் தட்டிக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்க எனக்கு இப்போது ஆள் இல்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன். வால்வு இறுகவில்லை. நான் தொடவில்லை.

பழைய மிஷினோடு அந்தச் சிவப்பு எழுத்துத் தகட்டையும் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். போகட்டும். உங்கள் பச்சை விளக்குதான் எனக்குச் சோறு இறங்கவிடாமல் செய்கிறது. ரோட்டில் பச்சை என்றால் போ. மோட்டாரில் பச்சை என்றால் ஓடுகிறது. இன்னும் எங்கெங்கோ பச்சை என்றால் ஆபத்தில்லை. உங்களில் ஒருவர் சொன்னது சரி, ஒருவர் சொன்னது தப்பு. எது என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு உங்களுக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதைச் சிரித்துத் தாண்டிவிட்டீர்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் வருகிறேன். ஐஸ் வாங்க இல்லை. ஒருவரை வாசலில் நிறுத்தி, ஒருவரை ஏலக்கொட்டகைப் பக்கம் அனுப்பிவிட்டு, தனித்தனியாகக் கேட்பேன். பச்சையா சிவப்பா என்று கேட்க மாட்டேன். வால்வு இப்போது எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்பேன். பதில் சொல்வதற்கு முன்னால் கையைக் காட்டச் சொல்வேன். பைப்பைத் தொட்டுவிட்டு வந்த கை என்றால், புறங்கை சில்லென்று இருக்கும்.